பெரியப்பாவுக்கு வந்த சோதனை நாடகம்

பெரியப்பாவின் வலது கால் அவர் பேச்சைக் கேட்காது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டது. பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக் என்றால், பக்கத்தில் உட்காரும் ஆசிரியருக்கு இன்னொரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொள்வார்கள். ஒரு பல் டாக்டர் ஓடுகிற காரின் கதவைத் திறந்து இறங்கிப் போகவே பார்த்தார். அப்போதெல்லாம் பெரியப்பாவின் வலது கால் தானாகப் போய் மிதிக்கும். யோசித்துவிட்டு மிதிக்கிறவன் ஆஸ்பத்திரியில்தான் யோசிக்க வேண்டியிருக்கும் என்பது அவர் கட்சி.

தொல்லை என்னவென்றால், காரை விட்டு இறங்கிய பிறகும் அந்தக் கால் வேலையிலேயே இருந்தது. யாராவது கண்ணாடி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தால் தரையை அழுத்தும். டிவியில் வில்லன் படியிறங்கினால் அழுத்தும். பெரியம்மா காய் நறுக்கும்போது கத்தி விரல் பக்கம் போனால் அழுத்தும். அவர் உட்காரும் சோபாவுக்கு முன்னால் இருந்த விரிப்பில் வலது கால் படுகிற இடம் மட்டும் நைந்து தரை தெரிந்தது. தெருவில் அவருக்குப் பெயரே 'பிரேக்' என்றுதான். நேரில் கூப்பிட்டால் 'பிரேக் சார்'.

பெரியம்மா ஒரு சலவை நிலையத்தில் வேலை பார்த்தாள். துணி வாங்கி வைப்பது, கறை எதனால் வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வது, தேய்த்துக் கொடுப்பது. பேச்சு குறைவு. பெரியப்பா பேசுவதற்கே வீட்டில் நேரம் சரியாக இருந்தது என்றும் சொல்லலாம். நாங்கள் மாடியில், அவர்கள் கீழே. அதனால் நடந்ததில் பாதியைக் கண்ணாலேயே பார்த்தேன், மீதியைச் சுவர் வழியாகக் கேட்டேன்.

பெரியப்பாவிடம் கார் கற்றுக்கொள்ள ஒரு நாடக இயக்குநர் வந்தாள். முப்பது வயது இருக்கும். கெட்டிக்காரப் பெண்தான், ஆனால் சாலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பாள்.

"சார், அங்க பாருங்களேன், அந்தம்மா குடையை எப்படி மடக்கறாங்கன்னு!" என்பாள். சொல்வதோடு நிற்காமல், எப்படி மடக்குகிறார்கள் என்று இரண்டு கையாலும் செய்தும் காட்டுவாள்.

"அம்மா, குடையை அவங்க பாத்துக்குவாங்க. நீங்க ஸ்டியரிங்கைப் பாருங்க" என்று பெரியப்பா கெஞ்சுவார்.

லைசன்ஸ் சோதனையில் அவள் தோற்றுக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் சோதனை அதிகாரி அவளைப் பார்த்ததும் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டார். கடைசியில் ஒருநாள், தெருவில் வேடிக்கை பார்க்க ஒன்றுமே இல்லாத மழை நாளில், தேறிவிட்டாள். பெரியப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தார். மறுநாள் அவள் பழக்கூடையோடு வந்து, தன் நாடகத்துக்கான அழைப்பு அட்டையையும் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் பெரிய எழுத்தில் 'சோதனை நாடகம்' என்று போட்டிருந்தது.

வீட்டில் அந்த அட்டை கைமாறிக் கைமாறி வந்தது.

"லைசன்ஸ் சோதனையைப் பத்தி எடுத்திருக்கா. பாவம், எத்தனை தடவை போனா! அதுல என் பாத்திரம்கூட இருக்கும்" என்றார் பெரியப்பா.

"சோதனைன்னா கஷ்டகாலம்ங்க. ஒருத்தி படாத பாடு படற கதையா இருக்கும். கைக்குட்டை எடுத்துக்கணும்" என்றாள் பெரியம்மா.

என் அப்பா அட்டையைத் தள்ளிப் பிடித்துப் படித்துவிட்டு, "அண்ணா, இது போலீஸ் கதை. வீடு புகுந்து சோதனை போடறாங்க இல்ல, அது" என்றார்.

எனக்கு அர்த்தம் ஓரளவு தெரியும். சொன்னால் வரமாட்டார்களோ என்று வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பெரியப்பாவும் பெரியம்மாவும் நானும் போனோம். பெரியப்பா லைசன்ஸ் அலுவலகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போது போடுகிற கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நாடகம் நடந்த இடம் பழைய டைல்ஸ் கிடங்கு. சுவரில் 'உடையும் பொருள், கவனம்' என்ற எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது. வாசலில் நின்ற பெண், "பையைச் சோதனை போடணும்மா" என்று பெரியம்மாவின் கைப்பையை வாங்கித் திறந்தாள். பெரியப்பா என் பக்கம் திரும்பி, "உங்கப்பன் சொன்னதுதான் சரி போலிருக்கே" என்றார்.

உள்ளே மேடை இல்லை, நாற்காலியும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், நடக்கலாம் என்றார்கள். நடுவில் தண்ணீர் இல்லாத குளியல் தொட்டி ஒன்று இருந்தது, டைல்ஸ் பெட்டி ஏற்றும் சக்கரப் பலகைமேல். அதற்குள் ஒரு பெண் உட்கார்ந்து முள்கரண்டியால் தலை வாரிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று 'நேத்து' என்ற ஒரே சொல்லைக் கோபமாக, கொஞ்சலாக, கேள்வியாக மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நெட்டை மனிதர் நீளமான அலுமினிய ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு கூட்டத்துக்குள் நடந்தார்.

பெரியம்மா பெரியப்பாவின் காதோரம், "கதை ஆரம்பிச்சிடுச்சாங்க?" என்றாள்.

"இன்னும் இல்ல. சாமானை ஒழுங்கு பண்றாங்க."

"அந்தப் பொண்ணு ஏன் தொட்டியில உக்காந்திருக்கு?"

"குழாயில தண்ணி வரல போல. காத்திட்டிருக்கா."

கொஞ்ச நேரம் அப்படியே போனது. பெரியப்பா கதைக்காகக் காத்திருந்தார். ஆனால் அவர் கண் ஏணிக்காரரை விட்டு நகரவில்லை. ஏணிக்காரர் திரும்பும்போதெல்லாம் ஏணியின் பின்முனை ஜனங்களின் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுழன்று போனது. பெரியப்பாவின் வலது கால் சிமெண்ட் தரையில் 'டப்' என்றது. இன்னொரு திரும்பல், இன்னொரு 'டப்'. பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கி அவருக்கு இடம் விட்டார்கள். பெரியம்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஏணிக்காரர் பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார். நேர் பின்னால் உயரமான விளக்குத் தாங்கி. அதற்குப் பக்கத்தில் முள்கரண்டிப் பெண்.

'டப், டப், டப்.' பெரியப்பா பல்லைக் கடித்தார். ஏணிக்கும் விளக்குக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"பிரேக்!"

கிடங்கே அதிர்ந்தது. ஏணிக்காரர் காலைத் தூக்கியபடி நின்றார். 'நேத்து' பாதியில் நின்றது. முள்கரண்டி கூந்தலிலேயே நின்றது. அத்தனை பேரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். எனக்கு அங்கேயே ஒரு டைலாகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பெரியப்பாவின் முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் ஏணி இன்னும் விளக்கை ஒட்டித்தான் இருந்தது. பாதியில் விட்டுவிட்டு இறங்குகிற ஆசிரியர் இல்லை அவர்.

"அப்படியே நில்லுங்க" என்றார், வகுப்புக் குரலில். "பின்னால வர்றதைக் கண்ணாடியில பாருங்க."

இல்லாத கண்ணாடியை ஏணிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்தாச்சா? இப்ப ஸ்டியரிங்கை முழுசா ஒடிங்க. அவசரம் வேண்டாம். கிளட்சை மெல்ல விடுங்க... மெல்ல... ஆங், முன்னால வாங்க."

ஏணி முன்னால் வந்தது. விளக்கு தப்பியது. உடனே அந்த 'நேத்து' ஆட்கள் இரண்டு பேரும் முதல் கியரில் உறுமிக்கொண்டு நகர ஆரம்பித்தார்கள். தொட்டிப் பெண் கையைத் தூக்கி, "சார், நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

"நீங்க மொதல்ல சீட் பெல்ட் போடுங்க. போடாம கையை வேற தூக்கறீங்க!"

கூட்டம் சிரித்தது. பெரியப்பாவுக்கு அது காதில் விழவில்லை. நாலு மாணவர்கள் ஒரே நேரத்தில் நாலு பக்கம் போகும்போது எந்த ஆசிரியருக்கு எது காதில் விழும்? வியர்த்து விறுவிறுத்து, ஒவ்வொருவரையும் வளைத்துக் கொண்டுவந்து, தொட்டி உட்பட எல்லாரையும் சுவரோரம் வரிசையாக நிறுத்திவிட்டு, "கைப்பிரேக் போடுங்க. இன்ஜினை நிறுத்துங்க. பின்னால பாத்துட்டு இறங்குங்க" என்றார். விளக்கு அணைந்தது. கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

இருட்டில் பெரியம்மாவின் குரல் கேட்டது. "முடிஞ்சிடுச்சா? இதுக்கா இவ்வளவு கஞ்சி போட்டேன்?"

இயக்குநர் ஓடி வந்தாள். பெரியப்பா இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கம்மா, நான் வேணும்னு பண்ணல, இந்தக் கால்..." என்று ஆரம்பித்தார். அவள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரமும் வந்துடுங்க சார்" என்றாள்.

செய்தித்தாளில் விமர்சனம் வந்தது. 'அதிகாரத்தின் குரலாகக் கூட்டத்திலிருந்து எழும் அந்த முதியவர், எல்லா உடல்களையும் கட்டளைக்குள் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தும் கணம் நம்மை உறைய வைக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். பெரியப்பா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"இவன் கண்ணுல என்ன கோளாறு? முதியவராம்! யாருடி முதியவர்?"

மற்றதெல்லாம் அவருக்குச் சம்மதம்தான்.

அந்த வாரம் முழுக்கக் கீழ் வீட்டில் ஒத்திகை நடந்தது. 'பிரேக்' என்ற சொல்லை அவர் கோபமாகச் சொன்னார், சோகமாகச் சொன்னார், கண்ணாடி முன்னால் நின்று குழைந்து குழைந்து சொன்னார். பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கடைசியாச் சொன்னது என்னங்க?" என்றாள்.

"காதலா சொல்லிப் பாத்தேன்."

"பிரேக்குல என்னங்க காதல்?"

மீசைக்குச் சாயம் அடித்தார். அது சட்டைக் காலரிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமை கிடங்குக்குப் போய், ஏணிக்காரர் எங்கேயோ பத்திரமான இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது, வலது கையை வானத்துக்கு உயர்த்தி, மார்பை விரித்து, "பி...ரே...ஏக்!" என்று முழங்கினார். யாரும் அசையவில்லை. ஏற்கனவே எல்லாரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். மூலையில் யாரோ இருமினார்கள். ஏணிக்காரர் மனசு கேட்காமல், நின்ற இடத்திலேயே நாலடி நடந்து மறுபடி நின்றார். அவ்வளவுதான் அன்றைய நாடகம்.

முடிந்ததும் இயக்குநர் அவரைத் தொட்டி விளிம்பில் உட்கார வைத்தாள்.

"சார், நீங்க நடிக்காதீங்க."

"நாடகத்துல நடிக்காம வேற என்னம்மா பண்றது? இட்லியா அவிக்கறது?"

"மத்த நாடகம்னா என்ன நடக்கணும்னு முன்னாடியே எழுதி வெச்சுட்டு அதைப் பண்ணிக் காட்டுவாங்க. இது சோதனை நாடகம். இப்படிப் பண்ணினா என்ன ஆகும்னு எங்களுக்கே தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் பண்றோம். யார் என்ன பண்ணினாலும் நாங்க ஏத்துக்கிட்டு மேல போகணும், அது ஒண்ணுதான் விதி. அன்னிக்கு நீங்க கத்தினப்ப எங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதான் அவ்வளவு நல்லா இருந்துச்சு."

பெரியப்பா யோசித்தார். "அப்ப தப்பாப் போனா?"

"போகும் சார். இன்னிக்குப் போச்சே."

"எங்க தொழில்ல தப்பாப் போனா இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போகணும்மா."

"இங்க அடுத்த சனிக்கிழமைக்குப் போகணும். அவ்வளவுதான்."

நடிக்காதே என்றால் எப்படி நடிக்காமல் இருப்பது? அது அவருக்கு வரவில்லை. அதற்கு இயக்குநரே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு வாரமும் அவருக்குத் தெரியாமல் ஏதாவது ஒரு ஆபத்தைச் சேர்த்தாள். ஒரு வாரம் ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பீங்கான் தட்டுகளை நெஞ்சு வரை அடுக்கித் தூக்கி வந்தார். ஒரு வாரம் ஏணியின் இரண்டு முனையிலும் தண்ணீர் வாளி தொங்கியது. பார்த்த மாத்திரத்தில் பெரியப்பாவுக்கு நடிப்பு மறந்துவிடும், காலுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும். கூட்டம் பெருகியது. சாயம் தேய்ந்து மீசை பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஆனதைக்கூட ஏதோ குறியீடு என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தச் சொல்லை விட்டால் வேறு பேச்சில்லை. ரசத்தில் உப்பு இல்லையென்றால், "இன்னிக்குச் சோதனைச் சமையலா?" நடைபாதைமேல் ஏற்றிய மாணவர் 'சோதனை ஓட்டுநர்'. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்ட ஆள், குளியலறைக் குழாயையும் உடைத்துவிட்டுப் போனபோது, "இது சோதனைக் குழாய் வேலை" என்றார்.

அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. "அண்ணா, அப்ப சோதனைன்னா கெட்டுப் போனதுன்னு அர்த்தமா?"

"இல்லடா. கெட்டுப் போகலாம்னு முன்னாடியே சொல்லிட்டுச் செய்யறது."

பெரியம்மா தரையைத் துடைத்துக்கொண்டே, "குழாய்க்காரர் அப்படி ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

பெரியப்பா உடைந்த குழாயை எட்டிப் பார்த்தார். "அப்ப அது வெறும் குழாய் வேலைதான்" என்றார்.

ஒரு கல்லூரியிலிருந்துகூட அவரைக் கூப்பிட்டார்கள். 'சோதனை நாடகம்: பொருளும் பயன்பாடும்' என்று கருத்தரங்கு. முதலில் ஒரு பேராசிரியர் அந்தச் சொல் எப்படி வந்தது, யார் யார் எதற்கெல்லாம் அதைப் பயன்படுத்துகிறார்கள், புரியாததையெல்லாம் அந்தப் பெயரில் தள்ளிவிடுவது எவ்வளவு தவறு என்று தெளிவாகவே பேசினார். பெரியப்பாவும் தலையாட்டிக் கேட்டார். அவர் முறை வந்தபோது மைக்கைப் பிடித்தவுடன் நினைத்து வந்ததெல்லாம் மறந்துபோனது. எதிரே நூறு இளம் முகங்கள். அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். "இதுல எத்தனை பேருக்கு லைசன்ஸ் இருக்கு?" என்றார். பிறகு இரண்டு காருக்கு நடுவில் இன்னொரு காரைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்துவது எப்படி என்று, பேராசிரியரின் கண்ணாடிக் கூட்டையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்து விளக்கினார். மணி அடிக்கும்வரை விளக்கினார். அடுத்த வாரம் அந்தக் கல்லூரியிலிருந்து பயிற்சிப் பள்ளிக்கு ஆட்கள் சேர்ந்தார்கள். நாடகத்துக்கு ஒருவரும் வரவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது இயக்குநருக்குப் புது யோசனை வந்தது. இனிமேல் நாடகத்தின் நடுவில் பார்வையாளர் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், வந்து நாடகத்தைத் தாங்களே ஓட்டலாம் என்று அறிவித்தாள். பார்க்க வருகிறவர்களுக்கு ஏது அவ்வளவு தைரியம்? அவள் ஒவ்வொரு வாரமும் கேட்பாள். ஜனங்கள் தங்கள் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

பெரியம்மா எல்லா வாரமும் வந்துகொண்டிருந்தாள். பெரியப்பாவின் சட்டையைத் தேய்த்துத் தனியாக ஒரு பையில் கொண்டுவந்து, அதை மாட்டிவிட்டு, கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போவாள். எப்படி இருந்தது என்று கேட்டால், "காலர்ல மடிப்பு நிக்குது" என்பாள். அன்றும் கதவோரம் என் பக்கத்தில்தான் நின்றாள்.

"யாராவது வந்து ஓட்டறீங்களா?" என்றாள் இயக்குநர்.

வழக்கம்போல ஜனங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பெரியம்மா தன் கைப்பையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"இதைப் பிடி."

"எங்க பெரியம்மா?"

பெரியம்மா நேரே தொட்டியிடம் போய், முள்கரண்டிப் பெண்ணிடம், "கொஞ்சம் பின்னால தள்ளி உக்காரும்மா" என்றாள். சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி முன்பக்கம் உட்கார்ந்தாள். பிறகு நிமிர்ந்து, "என்னங்க, வாங்க. பக்கத்துல உக்காருங்க" என்றாள்.

பெரியப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்த விதியை ஊருக்கெல்லாம் சொன்னவரே அவர்தான். தொட்டிக்குள் ஏறி முழங்கால் தாடையில் இடிக்க ஒடுங்கி உட்கார்ந்தார். பெரியம்மா இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள். இல்லாத சாவியைத் திருப்பினாள். ஏணிக்காரர் வாயால் இன்ஜின் சத்தம் கொடுத்தார்.

'டங்!' பெரியப்பாவின் கால் தொட்டியின் இரும்பை மிதித்தது. இன்ஜின் நின்றது. ஜனங்கள் சிரித்தார்கள்.

மறுபடி சாவி. மறுபடி 'டங்'. மறுபடி சிரிப்பு. பெரியம்மா சிரிக்கவில்லை.

"காலை எடுங்க."

"எடுத்துட்டேன்."

"எடுக்கல."

"அது தானா வருதுடி."

"தானா வருதா?" அவள் ஸ்டியரிங்கை விடவில்லை. "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தீங்க. கதவைத் திறந்துட்டு ஓடப் பாத்தாரே பல் டாக்டர், அவருக்கே சொல்லிக் கொடுத்து லைசன்ஸ் வாங்கிக் கொடுத்தீங்க. என்னை ஒரே ஒரு நாள் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்க. ஞாபகம் இருக்கா? சாவியைத் திருப்பறதுக்குள்ள பிரேக். மறுபடி திருப்பினா மறுபடி பிரேக். சரி, வீட்டுக்குப் போலாம்னு கூட்டிட்டு வந்துட்டீங்க. அதுக்கப்புறம் நான் கேக்கவும் இல்ல, நீங்க சொல்லவும் இல்ல."

"நீ ரொம்ப வேகமாப் போயிடுவியோன்னு..."

"வண்டி நகரவே இல்லீங்க!"

கூட்டம் ஓவென்று சிரித்தது. பரவிக்கொண்டே வந்த சிரிப்பு, அவள் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொரு இடமாக அடங்கியது. இயக்குநர் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளும் குறுக்கே வரவில்லை. எங்கள் வீட்டு விஷயத்தை இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

பெரியப்பா தன் வலது காலைப் பார்த்தார். அடுத்தவர் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அதை முழங்காலுக்குக் கீழே பிடித்துத் தூக்கி, தொட்டி விளிம்புக்கு வெளியே கொண்டுபோய்த் தொங்கவிட்டார்.

"ஓட்டு" என்றார்.

சாவி திரும்பியது. 'நேத்து' ஆட்கள் இரண்டு பேரும் ஏணிக்காரரும் வந்து சக்கரப் பலகையைத் தள்ளினார்கள். தொட்டி நகர்ந்தது. "இடது பக்கம் திரும்பறேன்" என்று பெரியம்மா சொன்னாள், இடது பக்கம் திரும்பினார்கள். நேராகத் தூணைப் பார்த்துப் போனது. பெரியப்பாவின் கால் வெளியே காற்றில் உதைத்துக்கொண்டு கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். தூணுக்கு ஒரு முழம் முன்னால் பெரியம்மா வளைத்தாள். ஜனங்கள் விலகி வழி விட்டார்கள். முள்கரண்டிப் பெண் பின்னாலிருந்து ஹாரன் அடித்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அதற்குப் பிறகு பெரியம்மாவுக்கு என்ன தோன்றியதோ, "நேராப் போங்க" என்றாள்.

நேரே கிடங்கின் பெரிய ஷட்டர் திறந்திருந்தது. தொட்டி வாசலைத் தாண்டி, சரிவில் இறங்கி, தெருவுக்கே வந்துவிட்டது. நாடகம் பார்க்க வந்த கூட்டம் முழுக்கப் பின்னால் ஓடி வந்தது. எதிரே ஒரு கார் வந்து சரக்கென்று நின்றது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டியவர் யார் என்றால், அந்தப் பல் டாக்டரேதான். அவர் ஆஸ்பத்திரி அதே தெருவில் இருந்தது.

"பிரேக் சார்! என்ன சார் இது?"

பெரியப்பா குளியல் தொட்டியில் உட்கார்ந்தபடி, ஒரு காலை வெளியே தொங்கவிட்டபடி, கம்பீரமாகச் சொன்னார்: "கிளாஸ் நடக்குது. நீங்க ஓரமாப் போங்க."

அன்று வீட்டுக்குத் திரும்பிய பிறகு பெரியப்பா அடுப்படி வாசலில் நின்று, "காலையில மைதானத்துக்குப் போலாமா?" என்று கேட்டது மாடிப்படியில் எனக்குக் கேட்டது.

"வேண்டாம்" என்றாள் பெரியம்மா. "உங்க பள்ளிக்கு எதிர்த்தாப்ல இருக்கே, அந்தப் பள்ளியில சேரப் போறேன்."

அது அவருக்குப் பெரிய அடி. அந்த எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்காரர் பத்து வருஷமாக அவருக்குத் தொழில் எதிரி. அவரிடமே தன் மனைவி கார் கற்றுக்கொள்கிறாள் என்றால் மானம் என்னாவது? ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தினமும் காலையில் தன் பள்ளி ஜன்னலில் நின்று, தெருவுக்கு அந்தப் பக்கம் பெரியம்மா அந்த ஆளின் காரில் ஏறிப் போவதைப் பார்த்தார். ஒரு வாரம் அந்த எதிரியிடம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் தெருவைக் கடந்து போய், "எப்படி ஓட்டறா?" என்று கேட்டார். "அம்மாவா? நான் தூங்கிட்டு வரலாம் சார்" என்றார் அவர். இரண்டு பேரும் அன்று சேர்ந்து டீ குடித்தார்கள்.

பெரியம்மா முதல் சோதனையிலேயே தேறினாள்.

மழைக்காலத்தோடு அந்த நாடகம் முடிந்தது. கிடங்கை யாரோ சோபா வைக்க வாங்கிவிட்டார்கள். நாடகக்காரர்கள் மூடிக்கிடந்த ஒரு அச்சகத்துக்குக் குடிபோனார்கள். புது நாடகத்துக்கு இயக்குநர் வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா சட்டென்று எழுந்து தலையைக் கோதிக்கொண்டார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போய் பெரியம்மாவிடம், "அம்மா, நீங்க வந்து நடிக்கணும். நடிக்கணும்னா, தேய்க்கணும்" என்றாள்.

அந்த நாடகத்தில் நடுவில் ஒரு மேசை, ஒரு இஸ்திரிப் பெட்டி, பெரியம்மா. பார்க்க வந்தவர்கள் அவரவர் வீட்டுத் துணி ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவள் அதைத் தேய்த்துக்கொண்டே அந்தத் துணியைப் பற்றிப் பேசுவாள். கைப் பித்தான் ஏன் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறது, இந்தக் கறையை மறைக்க யார் பாடுபட்டிருப்பார்கள், இதைப் போட்டவர் எதற்காகக் காத்திருந்தார். அத்தனையும் கற்பனை. அத்தனை வருஷம் பேசாமல் இருந்தவள் அப்படிப் பேசினாள். தேய்த்து முடித்ததும் மடித்துச் சூடாகக் கையில் கொடுப்பாள். சிலர் அதை வாங்கிக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்கள். சிலர், நன்றாக மடித்திருக்கிறாள், அடுத்த வாரம் பேன்ட்டும் கொண்டுவரலாம் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

பெரியப்பா முதல் நாளே கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நின்று ஒரு வெள்ளைச் சட்டையை நீட்டினார். அவரைத் தெரியாதவள் போலவே பெரியம்மா அதை வாங்கினாள். விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

"இது ரொம்பப் பயந்த ஆளோட சட்டை" என்று ஆரம்பித்தாள். "பயம் அவருக்காக இல்ல. கூட வர்றவங்களுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னு. முதுகெல்லாம் வேர்வை. நெஞ்சு நிமிர்த்தி நடப்பார், முதுகை யாரும் பாக்க மாட்டாங்கன்னு நினைச்சுக்குவார். துவைக்கறவளுக்குத் தெரியாதா?" காலரை இருமுறை அழுத்தினாள். "நல்ல சட்டை. இன்னும் கொஞ்ச காலம் வரும்."

மடித்துக் கையில் கொடுத்தாள். பெரியப்பா அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்ந்தார்.

நாடகம் முடிந்து பெரியம்மா கார் ஓட்டினாள். பெரியப்பா பக்கத்தில், நான் பின்னால். சிக்னலில் வண்டி நின்றபோது அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்தச் சட்டையைப் பத்திச் சொன்னியே... அது நிஜமா, இல்ல நாடகத்துக்காகவா?"

"நாடகத்துல கேட்டதை வெளியில கேக்கக் கூடாதுங்க" என்றாள் பெரியம்மா.

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவள் அவசரப்படாமல் கியரைப் போட்டாள். பெரியப்பா மடியில் இருந்த சட்டை கலையாதபடி இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.